கால் வைக்க இடமில்லாத பெஜோ

என் தம்பி கெமீசிக்கு இரண்டு காலும் தொடையோடு போய்விட்டன. கால் இல்லாதவன் சாதுவாக இருப்பான் என்று நம்பி வந்து அடி வாங்கிக்கொண்டு போனவர்கள் சூக் அஹ்ராஸ் டாக்சி ஸ்டாண்டில் நிறையப் பேர். ஒருமுறை ஒரு தடித்த டிரைவர் வரிசையில் முந்திக்கொண்டு வந்து நின்று, "பாதி ஆளுக்கு எதுக்குய்யா முழுச் சவாரி?" என்று கேட்டான். கெமீசி தன் டாக்சியின் ஜன்னல் வழியாக அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான். தலை உள்ளே வந்ததும் கண்ணாடியைக் கழுத்துவரை ஏற்றினான். பிறகு வண்டியை மெல்ல நகர்த்தி ஸ்டாண்டை ஒரு சுற்று சுற்றி வந்தான். அந்த ஆள் கழுத்து மாட்டியபடி கூடவே ஓடினான். அக்காக்காரி நான்தான் போய் விடுவித்தேன். விடுவித்த கையோடு அவன் கன்னத்தில் நானும் ஒன்று வைத்தேன். எங்கள் வீட்டில் பொறுமை என்ற சாமான் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

கால் போனது அவனுக்கு ஒன்பது வயதில். பிரெஞ்சுக்காரன் எல்லையில் மின்வேலி போட்டு அதன் இரண்டு பக்கமும் கண்ணிவெடி விதைத்துவிட்டுப் போயிருந்தான். நாடு விடுதலை அடைந்த மறு வருஷம் ஒரு வெள்ளாட்டைத் துரத்திக்கொண்டு கெமீசி அதற்குள் போனான். வெடிச் சத்தம் கேட்டு நானும் அப்பாவும் ஓடினோம். ஆடு நின்று இலை தின்றுகொண்டிருந்தது. இவன் மண்ணில் கிடந்தான். அழவில்லை. ஆட்டைப் பார்த்து, எங்கே கற்றான் என்றே தெரியாத கெட்ட வார்த்தைகளால் திட்டிக்கொண்டிருந்தான். அப்பா அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவனுடைய ஒரு செருப்பை நான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். பாதி வழியில்தான் அந்தச் செருப்புக்கு இனி வேலை இல்லை என்று உறைத்தது. வீசி எறிந்தேன்.

அப்பா ஒரு வெள்ளைக்காரன் பண்ணையில் காவல்காரர். முதலாளி நாட்டைவிட்டு ஓடும்போது தன் பெஜோ நானூற்று நான்கு காரைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுப் போனான். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. அதில் கோழி வளர்த்தார். பின் சீட்டில் முட்டை, முன் சீட்டில் எச்சம் என்று பத்து வருஷம் கிடந்தது. கெமீசி பதினெட்டு வயதில் கையை ஊன்றி ஊன்றிக் கொட்டகைக்குப் போய், கோழிகளை ஒவ்வொன்றாக வெளியே எறிந்துவிட்டு ஸ்டியரிங் முன்னால் ஏறி உட்கார்ந்துகொண்டான். இறங்கச் சொன்ன அப்பா மேல் ஒரு முட்டை பறந்தது.

அந்த வண்டியை ஓட வைத்தவர் மெக்கானிக் பூஜெமா. இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே செய்தார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு இரும்பு வளையம். வலது கை விரலால் இழுத்தால் வேகம். இடது பக்கம் தரையிலிருந்து ஒரு நீளக் கம்பி, தள்ளினால் பிரேக். கியர்க் கம்பியில் சைக்கிள் பிரேக் மாதிரி ஒரு பிடி. அதை அழுத்தினால் கிளட்ச். எல்லாம் முடிந்ததும் கெமீசி கீழே இருந்த பெடல்களைக் காட்டினான்.

"இதுங்கள அறுத்துப் போட்டுடு."

"எதுக்குடா? வேற யாராவது ஓட்டணும்னா வேணாமா?"

"அதுக்குத்தான் சொல்றேன். எனக்கில்லாதது என் வண்டிக்கு எதுக்கு?"

பூஜெமா தலையில் அடித்துக்கொண்டு ரம்பத்தை எடுத்தார். அன்றிலிருந்து அந்த வண்டியில் டிரைவர் சீட்டுக்கு முன்னால் வெறும் தகடுதான். அவன் அங்கே சிகரெட் பெட்டியும் வெங்காய மூட்டையும் வைத்துக்கொள்வான்.

நான் மருத்துவச்சி வேலைக்குப் படித்து மலைமேல் ஐன் கெர்ரூஷ் என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். காலையில் என்னைக் கொண்டுபோய் விடுவான், சாயங்காலம் வந்து கூட்டிப்போவான். வழியில் யார் கை காட்டினாலும் ஏற்றிக்கொள்வான். எனக்கும் கல்யாணம் ஆகவில்லை, அவனுக்கும் ஆகவில்லை. வீட்டில் நான் சமைப்பேன், அவன் குறை சொல்வான். ரவையில் செய்கிற கஸ்கஸ் குழைந்துவிட்டது என்று தட்டைத் தூக்கி எறிந்த நாளும் உண்டு. எறிந்த தட்டை நான் திருப்பி எறிந்த நாளும் உண்டு. இருந்தும் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு சாயங்காலம்கூட அவன் வராமல் இருந்ததில்லை. பனி கொட்டினால் சக்கரத்துக்குச் சங்கிலி கட்டிக்கொண்டு வந்தான். காய்ச்சல் என்றால் காய்ச்சலோடு வந்தான்.

பிறகு அந்தப் பாழாய்ப்போன வருஷங்கள் வந்தன. அரசாங்கத்தை எதிர்த்து ஆயுதம் எடுத்து மலைக்குப் போனவர்கள் கீழே இறங்கி வந்து கழுத்தறுத்தார்கள். ராணுவ உடுப்புப் போட்டுச் சாலையை மறித்துப் பொய்ச் சோதனைச்சாவடி வைத்தார்கள். நிஜமா பொய்யா என்று தெரிந்துகொள்ள நாங்கள் முதலில் காலைப் பார்ப்போம். பூட்ஸ் இருந்தால் ராணுவம். ஓட்டப்பந்தய ஷூ இருந்தால் நம் கதை முடிந்தது. அது கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்த பிறகு வண்டியைத் திருப்ப நேரம் இருக்காது என்பது வேறு விஷயம்.

நிஜச் சாவடியிலும் பயம்தான். இருட்டிய பிறகு சாவடியை நெருங்கினால் முன்விளக்கை அணைக்க வேண்டும், உள்விளக்கைப் போட வேண்டும், கையைத் தெரியும்படி வைத்துக்கொண்டு ஊர்ந்து வர வேண்டும். மறந்தவனைச் சுட்டுவிட்டுத்தான் பேர் கேட்பார்கள். நாங்கள் தினமும் போய்வரும் மெஜர்தா ஆற்றுப் பாலத்தில் எங்கள் ஊர்ப் பையன்களே துப்பாக்கியோடு ஊர்க்காவலுக்கு நின்றார்கள். முதல் வாரம் அவர்களில் லஸ்ஹர் என்பவன் கெமீசியை நோக்கி, "ரெண்டு கையையும் தூக்கு!" என்று கத்தினான். பாலத்துக்கு வரும் சாலை நல்ல இறக்கம். கெமீசி என்ன செய்தான்? நிஜமாகவே இரண்டு கையையும் தூக்கினான். பிரேக் பிடிக்க ஆள் இல்லாத பெஜோ உருண்டு போய் மணல் மூட்டையில் மோதியது. லஸ்ஹர் ஆற்றோரச் சேற்றில் குதித்துத் தப்பினான்.

"தூக்கச் சொன்னே, தூக்கினேன்! இப்போ பிரேக்க உங்கப்பனா வந்து பிடிப்பான்?" என்று கெமீசி கத்தினான்.

லஸ்ஹர் சேற்றைத் துடைத்துக்கொண்டே, "கெமீசி அண்ணே, உங்க காலுல விழறேன், இனிமே நீங்க கையத் தூக்கவே வேணாம்" என்றான்.

"விழறதுக்குக் காலு எங்கடா இருக்கு?"

அவ்வளவுதான். அதன் பிறகு எங்களுக்கு மட்டும் தனிச் சட்டம். இரண்டு ஹார்ன் அடித்தால் பாலத்தை மறித்துக் கட்டிய சங்கிலியை இறக்கிவிடுவார்கள். கெமீசி வண்டியை நிறுத்தி ரொட்டியோ சிகரெட்டோ கொடுத்துவிட்டுப் போவான். அந்தப் பாலத்தில் நின்றவர்கள் ஆறு பேர். லஸ்ஹரும் இன்னும் இரண்டு பேரும் என் கையில் பிறந்தவர்கள். லஸ்ஹர் காலை முதலில் நீட்டிக்கொண்டு வந்த பிள்ளை. அவன் அம்மாவோடு ஒரு பகல் முழுக்கப் போராடி அவனை வெளியே எடுத்தேன்.

அது குளிர்காலம். வெளிச்சம் மங்கும் நேரத்தில் ஐன் கெர்ரூஷிலிருந்து இறங்கினோம். முன் சீட்டில் நான், எங்கள் ஊர்ப் பெண்கள் போர்த்துகிற கறுப்பு மலாயாவைத் தலையோடு சுற்றி, வெள்ளை முகத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். பின் சீட்டில் ஹம்லாவி என்ற பையன். ராணுவத்தில் கட்டாயச் சேவை செய்துகொண்டிருந்தவன், விடுமுறைக்கு அம்மாவைப் பார்க்க வந்து திரும்பிக்கொண்டிருந்தான். அப்பாவின் பழைய கம்பளி அங்கியைப் போட்டு, ராணுவ அட்டையைச் சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்தான். அம்மா கட்டிக் கொடுத்த அத்திப்பழத்தை எங்களுக்குக் கொடுத்துக்கொண்டே வந்தான்.

கார்க் மரக்காட்டு வளைவில் நான்கு பேர் நின்றார்கள். உடுப்பு சரியாக இருந்தது. நான் காலைப் பார்த்தேன், ஓட்டப்பந்தய ஷூ. கெமீசியும் பார்த்திருக்க வேண்டும். சாலையில் கட்டை போட்டிருந்தார்கள். பிரேக் கம்பியைத் தள்ளினான்.

ஹம்லாவியை முதலில் இழுத்தார்கள். சாக்ஸைக் கழற்றச் சொன்னார்கள், அங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது. அட்டையைப் பார்த்ததும் தலைவன் எதுவும் கேட்கவில்லை. சாலையோரத்தில் மண்டியிட வைத்துக் கழுத்தை அறுத்தான். ஹம்லாவி அம்மாவைக் கூப்பிட்டான். பாதியில் அந்தக் குரல் தண்ணீர்ச் சத்தமாக மாறியது. நான் கண்ணை மூடவில்லை. அந்தப் பையனுக்கு வேறு யாரும் இல்லை, நானாவது பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும் என்று தோன்றியது. இன்றைக்கும் அத்திப்பழம் என் தொண்டையில் இறங்குவதில்லை.

கெமீசியை இறங்கச் சொன்னார்கள். ஒருவன் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான். "ஏய், இதுதான் அந்த நொண்டி வண்டிடா! பெடலே இல்ல பாரு!"

"வாயை மூடு," என்றான் தலைவன். அவன் குனிந்து வளையத்தையும் கம்பியையும் நிதானமாகப் பார்த்தான். "உன்னைத்தான் தேடினோம். பாலத்துல உன்னைச் சோதிக்க மாட்டாங்களாமே. ரெண்டு ஹார்ன் அடிச்சா போதுமாமே."

கெமீசி அவன் முகத்தில் துப்பினான். துப்பாக்கிக் கட்டையால் வாயில் இடித்தார்கள். பல் உடைந்து மடியில் விழுந்தது. மறுபடி துப்பினான், இந்த முறை ரத்தம்.

தலைவன் என்னை முடியைப் பிடித்து வெளியே இழுத்தான். மலாயாவை உருவி எடுத்தான். இருபத்தைந்து வருஷமாக அந்நிய ஆண் எவனும் பார்க்காத தலை. அதை அந்தக் காட்டில் அந்த நாய்கள் முன்னால் நின்று காட்ட வேண்டியதாயிற்று. என் மலாயாவை அவனே போர்த்திக்கொண்டான். என் முகத்திரையைத் தாடிக்கு மேல் கட்டிக்கொண்டான். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. மங்கிய வெளிச்சத்தில் பார்த்தால் நொண்டி டிரைவரும் அவன் அக்காவும் வழக்கம்போல வருகிறார்கள், அவ்வளவுதான். பின் சீட்டுக்குக் கீழே இரண்டு பேர் துப்பாக்கியோடு படுத்துக்கொண்டார்கள்.

"வழக்கம்போல ஹார்ன் அடி. வழக்கம்போல நிறுத்து. மிச்சத்தை நாங்க பார்த்துக்கறோம்," என்றான் தலைவன். "அந்த நாய்ங்க துப்பாக்கி எங்களுக்கு வேணும். காரியம் முடிஞ்சதும் நீயும் போகலாம், உன் அக்காவும் போகலாம். அல்லா மேல சத்தியம். ஆனா பாலத்துலேருந்து ஒரு தப்பான சத்தம் வந்துச்சு, இங்க இவன் உன் அக்காவை அறுத்துடுவான்."

என்னோடு நிற்க ஒருவனை விட்டார்கள். தலைவன் முன் சீட்டில் ஏறி, மலாயாவுக்குள்ளிருந்து கத்தியைக் கெமீசியின் விலாவில் வைத்தான். பிறகு திருப்தியாகச் சொன்னதை நான் காதால் கேட்டேன். "இவனால பயமே இல்ல. ரெண்டு கையும் வண்டியிலயே மாட்டியிருக்கு."

கெமீசி என்னைத் திரும்பிப் பார்த்தான். வண்டி இறங்கிப் போனது.

பாலத்தில் நடந்ததை லஸ்ஹர் சொன்னான். வண்டி வளைவில் திரும்பியது, இரண்டு ஹார்ன் கேட்டது. லஸ்ஹர் சங்கிலியை அவிழ்க்கக் குனிந்தான். அப்போது வண்டிக்குள் விளக்கு எரிந்தது. கெமீசி உள்விளக்கைப் போட்டு, ஸ்டியரிங்கையும் கம்பியையும் விட்டுவிட்டு, இரண்டு கையையும் கூரை தொடும்படி தூக்கிக்கொண்டு வந்தான். யாரும் கேட்காமல் கெமீசி கை தூக்குகிறான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "மலைக்காரங்கடா!" என்று கத்திக்கொண்டே லஸ்ஹர் படுத்தான். ஆறு துப்பாக்கியும் வெடித்தன.

தலைவன் கத்தியை இரண்டு முறை சொருகினான். மூன்றாவது முறைக்கு அவனுக்குத் தலை இல்லை. பின்னால் இருந்தவர்களில் ஒருவன் உள்ளேயே செத்தான். இன்னொருவன் கதவைத் திறந்து குதித்து ஓடி, பாலத்துச் சுவரில் ஏறும்போது விழுந்தான். பிடிக்க ஆள் இல்லாத வண்டி மணல் மூட்டைகளைத் தாண்டிச் சுவரில் மோதி நின்றது. கெமீசியின் தோளில் ஒரு குண்டு, விலாவில் இரண்டு கத்திக் குத்து. வெளியே இழுத்தபோது அவன் பேசிய முதல் வார்த்தை, "அக்கா மேல இருக்கா, ஓடுங்கடா!" என்பதாம்.

ஓடி வந்தார்கள். ஆனால் அந்தச் சத்தம் அவர்களுக்கு முன்னால் மேலே வந்துவிட்டதே.

என்னோடு நின்றவன் சத்தம் கேட்டதும் கத்தியை எடுத்தான். என் கைகளை முன்பக்கமாகக் கட்டியிருந்தார்கள், அதுதான் அவர்கள் செய்த முட்டாள்தனம். முதல் வெட்டைக் கையில் வாங்கினேன். இரண்டாவது கழுத்தில் விழுந்தது, ஆழமில்லை. தலையைத் தாழ்த்தி அவன் வயிற்றில் முட்டினேன். இரண்டு பேரும் சரிவில் உருண்டோம். ஹம்லாவி கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் போய் விழுந்தோம். அவன் கத்தி எங்கோ போய்விட்டது. என் கைக்கு ஒரு கல் கிடைத்தது. கட்டிய இரண்டு கையாலும் அதைத் தூக்கி அவன் முகத்தில் போட்டேன். மறுபடி தூக்கிப் போட்டேன். "வேணாம்மா, வேணாம்மா" என்றான். ஹம்லாவியும் அம்மாவைத்தான் கூப்பிட்டான். எலும்பு நொறுங்கும் சத்தம் நின்று சதைச் சத்தம் வரும்வரை போட்டேன். லஸ்ஹர் வந்து என் கையைப் பிடித்தபோதும் தூக்கிக்கொண்டுதான் இருந்தேனாம். அதற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. யாராவது வருந்தச் சொன்னால் அவர்கள் மேலும் போடுவேன்.

ஆஸ்பத்திரியில் கெமீசி கீழ்த்தளம், நான் மேல்தளம். ஊரே அவனைப் பார்க்கப் போனது. ஆறு உயிரைக் காப்பாற்றினான் என்று கொண்டாடினார்கள். லஸ்ஹரின் அம்மா ஆட்டுக்கறி சூப்போடு வந்து என் கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்தப் பாத்திரத்தை எடுத்து அவள் தலையில் கவிழ்க்க வேண்டும் போல் இருந்தது. உன் பிள்ளை உயிரோடு இருக்கிறான், நல்லது. அவனை உலகத்துக்குக் கொண்டுவந்தவளும் நான், அவனுக்காக விற்கப்பட்டவளும் நானா? இதை அவளிடம் கேட்க முடியுமா? சூப்பைக் குடித்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் எனக்கு ஒரே ஆறுதலைச் சொன்னார்கள். "முபாரக்கா, அவங்க உன்னை எப்படியும் கொன்னிருப்பாங்க. கெமீசிக்கு அது தெரியும். அதனாலதான் தூக்கினான்." டாக்டர் சொன்னார். இமாம் சொன்னார். பூஜெமா குண்டு துளைத்த பெஜோவைத் தள்ளிக்கொண்டு போய்த் தகடு வைத்து ஒட்டும்போது ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு தடவை சொன்னார். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொள்ள வேறு என்ன இருந்தது?

வீட்டுக்கு வந்த பிறகு நாங்கள் பேசவில்லை. நான் சமைத்தேன், அவன் குறை சொல்லாமல் சாப்பிட்டான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. வசந்தகாலம் பிறந்த பிறகு ஒரு மத்தியானம், முற்றத்தில் அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போய் முன்னால் நின்றேன்.

"என்னை நெனச்சியா?"

அவன் துணியைக் கீழே வைத்தான். "நெனச்சேன்."

"எப்போ?"

"அந்த வளைவுலேருந்து பாலம் வர்ற வரைக்கும். வேற எதையும் நெனைக்கல."

"அவங்க எப்படியும் என்னை விடமாட்டாங்கன்னு உனக்குத் தெரியும். அப்படித்தானே?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஊரே அவனுக்காகத் தயார் செய்து வைத்திருந்த வார்த்தை. நான் அதற்காகக் கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"இல்லக்கா," என்றான். "அவன் சத்தியம் பண்ணினான். நான் நம்பினேன். சொன்னதைச் செஞ்சா உன்னை விட்டுருவான்னுதான் நெனச்சேன். நம்பிட்டேதான் தூக்கினேன்."

அறைந்தேன். இரண்டு கன்னத்திலும் மாறி மாறி, கை எரியும்வரை அறைந்தேன். உடைந்த பல்லின் இடத்திலிருந்து ரத்தம் வந்தது. அவன் தடுக்கவில்லை, அழவும் இல்லை, மன்னித்துவிடு என்று கேட்கவும் இல்லை.

"என்னைச் சாகக் கொடுத்தேடா," என்றேன்.

"ஆமா," என்றான். "இன்னைக்குக் கேட்டாலும் கொடுப்பேன். அவங்க ஆறு பேரு, அக்கா. உன்கிட்ட மட்டும் பொய் சொல்ல வரல."

நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்திக் கத்தி அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி யாரோ செத்துவிட்டார்கள் என்று ஓடி வந்தாள். அவளையும் திட்டி அனுப்பினேன்.

அவனை நான் மன்னிக்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். மன்னித்துவிட்டு, மெல்ல அவனை வெறுத்திருப்பேன். மறுநாள் காலை பெஜோவின் முன் கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். அந்தக் காட்டு வளைவு வந்தபோது அவன் வேக வளையத்தைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்தான். சாயங்காலம் எப்போது வரட்டும் என்று கேட்டான். வழக்கமான நேரத்துக்கு வா என்றேன்.